பௌத்த சைவ ஸ்டடி கஃபேவில் போன பணமும் ஐந்து ரூபாய்ச் சாப்பாடும்

காட்பாடி, வேலூர், சித்தூர் பக்கம் டிஎன்பிஎஸ்சி, டிஎஸ்சி (ஆந்திர ஆசிரியர் பணித் தேர்வு), வங்கித் தேர்வு என்று படித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது வெறும் புலம்பலாகத் தெரியலாம். 2025 ஏப்ரலில், குரூப் 4 தேர்வுக்காக, காசு கொடுத்து உட்கார்ந்து படிக்கும் ஒரு ஸ்டடி கஃபேவில் மூன்று மாதத்துக்கும் சேர்த்துப் பணம் கட்டினேன். பௌத்த சைவச் சாப்பாடு, ஏசி, அமைதி, மாணவர்களுக்குக் கட்டுப்படியாகும் விலை என்று சொன்னார்கள். மே மாதம் முடிவதற்குள் கதவில் பூட்டுத் தொங்கியது. தேர்வு ஜூலை 12. பூட்டுக்கும் தேர்வுக்கும் நடுவில் எங்கே உட்கார்ந்தேன், எதைச் சாப்பிட்டேன், கொடுத்த காசில் எவ்வளவு திரும்பி வந்தது என்பதையெல்லாம் அப்போது எனக்கு யாராவது சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

படிக்கிறதுக்கு எதுக்கும்மா காசு கொடுத்து இடம் பிடிக்கணும் என்று எங்கள் சித்தப்பா கேட்டார். அவர் இருப்பது ஊட்டியில். எங்கள் வீடு கிறிஸ்டியான்பேட்டை பக்கம், ஆந்திர எல்லைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. மேலே சிமென்ட் ஷீட். ஏப்ரல், மே மாதங்களில் பகல் பதினோரு மணிக்கு மேல் அந்த ஷீட்டுக்குக் கீழே மனிதர் உட்கார முடியாது. ஃபேன் போட்டால் அனல்தான் இறங்கும். இந்தத் தேர்வுகளோ 2024-ல் ஜூன் 9, 2025-ல் ஜூலை 12 என்று சரியாக வெயிலுக்கு ஒட்டியே வருகின்றன. உருப்போட வேண்டிய மாதங்களெல்லாம் வேலூர் வெயிலின் உச்ச மாதங்கள். போதாக்குறைக்கு இரண்டு அறை வீடு, அண்ணன் குழந்தை, மாலை ஆறு மணிக்கு மேல் சீரியல். மாவட்ட மைய நூலகத்துக்கும் போய்ப் பார்த்தேன். புத்தகங்கள் இருக்கின்றன, போட்டித் தேர்வுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கோடையில் திறக்கும் நேரத்துக்கு வாசலில் நிற்காவிட்டால் ஃபேனுக்குக் கீழே இடம் கிடைக்காது. எங்கள் பக்கத்துப் பேருந்தை நம்பி அந்த நேரத்துக்குப் போய்ச் சேருவது சீட்டுக் குலுக்கல்தான்.

இந்த நிலையில்தான் அந்தக் கஃபேவைப் பற்றிக் கேள்விப்பட்டேன். தைவானில் ஆராய்ச்சிப் படிப்பு முடித்துவிட்டு வந்த ஒரு அண்ணன் நடத்தினார். பெயர் வேண்டாம், கடைப் பெயரும் வேண்டாம். மனிதர் நன்றாகப் பேசுவார், அவர் சொன்ன விஷயங்களில் பொய்யும் இல்லை. தைவானில் பௌத்த சைவ உணவகங்கள் நிறைய உண்டு. தட்டை எடுத்துக்கொண்டு வேண்டிய காய்கறி, டோஃபு, கீரை எல்லாம் போட்டுத் தராசில் வைத்தால் எடைக்குத் தகுந்த காசு. கையில் காசு குறைவாக இருக்கும் மாணவர்களுக்கு அதுதான் வசதி. கடைப் பலகையில் ஸ்வஸ்திகக் குறி போட்டிருப்பார்கள். ஸ்டடி கஃபே என்பது கொரியாவில் பரவலான வழக்கம்: மணிக்கணக்கில் இருக்கைக்குக் காசு, மேசையைச் சுற்றித் தடுப்பு, தனி விளக்கு, மெஷினில் காபி, பேச்சு மூச்சு இருக்கக் கூடாது. இந்த இரண்டையும் இணைத்துக் காட்பாடியில் ஓட்டிவிடலாம் என்பது அவர் கணக்கு. யோசனை எனக்குப் பிடித்திருந்தது, இப்போதும் பிடித்துத்தான் இருக்கிறது. வாசலில் அதே ஸ்வஸ்திகக் குறியைப் போட்டிருந்ததால் பாதிப் பேர் இது சேட்டுக் கடை என்று நினைத்து ஜிலேபி இருக்கா என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். உள்ளே சுவரில் அமுதசுரபி ஏந்திய பெண்ணின் படம், பெரிதாக வரைந்திருந்தார்கள்.

கட்டணத்தைச் சொல்கிறேன். இருக்கைக்கு மாதம் 2,200, மூன்று மாதம் சேர்த்துக் கட்டினால்தான் அந்த விலை, இல்லாவிட்டால் 2,800. சாப்பாட்டுக்கு 'வாலட்' என்று 3,000 முன்கூட்டியே போட வேண்டும், எடைக்கு ஏற்ப அதிலிருந்து கழியும். லாக்கருக்கும் அட்டைக்கும் 1,000 முன்பணம். ஆக 10,600. துணிக்கடையில் வேலை பார்த்தபோது சேர்த்தது 6,000 இருந்தது. மீதியை அம்மா மகளிர் குழுவில் எடுத்துத் தந்தார். பணத்தை ஒரு கைப்பேசி எண்ணுக்கு அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். கடைப் பெயர் போட்ட ரசீது ஒன்று அச்சடித்துத் தந்தார்கள். அதில் முகவரி இருந்தது. உரிமையாளர் பெயரும் கிடையாது, ஜிஎஸ்டி எண்ணும் கிடையாது. ரசீதுதான் கையில் இருக்கிறதே என்று தோன்றும். பிறகு புகார் எழுத உட்கார்ந்தபோதுதான் யார் மேல் எழுதுவது என்ற கேள்வி வந்தது. மூன்று மாதக் கட்டணம் கேட்கும் எந்த இடமானாலும் சரி, பணம் போய்ச் சேரும் கணக்கின் பெயரும் ரசீதில் இருக்கும் பெயரும் ஒன்றுதானா என்று பார்த்துவிடுங்கள். வேறு வேறாக இருந்தால் மாதாமாதம் கட்டுகிறேன் என்று சொல்லுங்கள். 600 ரூபாய் கூடப் போனாலும் பரவாயில்லை.

முதல் சில வாரங்கள் நன்றாகவே போயின என்பதை மறைக்கக் கூடாது. காலையில் உள்ளே போனால் மதியம் வரை தலை நிமிர வேண்டாம். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை தமிழ்ப் புத்தகங்களை அங்கேதான் ஒரு சுற்று முடித்தேன். குரூப் 4-ல் இருநூறு கேள்வியில் நூறு தமிழ்; அதில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மீதி விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். அதனால் அந்தப் புத்தகங்களுக்குத்தான் அமைதியான இடம் தேவைப்பட்டது. அந்த அளவுக்கு அந்த இடம் எனக்கு உதவியது.

சாப்பாட்டு விஷயத்தில்தான் இடறியது. சீன, தைவான் பௌத்த மரபில் பூண்டு, வெங்காயம், வெங்காய இனத்துத் தாள் வகைகள், கூடவே பெருங்காயம் என்று ஐந்தை விலக்குவார்கள். பச்சையாகத் தின்றால் கோபம் ஏறும், சமைத்துத் தின்றால் காமம் ஏறும் என்று அவர்கள் நூல்களில் சொல்லியிருப்பதை அண்ணன் சுவரிலேயே எழுதி ஒட்டியிருந்தார். தைவானிலேயே இதைக் கடைப்பிடிக்காத சைவக்காரர்களும் உண்டாம்; அதனால் பாக்கெட் உணவில் இந்த ஐந்தும் சேர்ந்த சைவம், சேராத சைவம் என்று தனித்தனியாகக் குறிக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நல்ல கொள்கைதான். ஆனால் பெருங்காயம் இல்லாத சாம்பாரையும், பூண்டு போடாத காரக்குழம்பில் கிடக்கும் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயையும் தினமும் சாப்பிட வேலூர்க்காரர்களுக்கு மனம் வரவில்லை. நான் சைவம் மட்டும் சாப்பிடுகிறவள் இல்லை. வயிறு லேசாக இருந்தால் தூக்கம் வராது என்றுதான் இந்தச் சாப்பாட்டைத் தேடி வந்தேன். கிடைத்ததோ நேர்மாறு. சோயாவிலும் கோதுமைப் பசையத்திலும் செய்த 'வாத்துக்கறி', 'மீன்' என்று எண்ணெயில் பொரித்து அடுக்கினார்கள். அது எடையும் அதிகம், விலையும் அதிகம், வயிற்றிலும் கல்லாகக் கிடக்கும். கீரையும் காயும் மட்டும் எடுத்தால் 50, 60-ல் முடியும். ஆனால் மதியம் ஒன்றரைக்குப் போனால் கீரை தீர்ந்திருக்கும், வாத்துதான் மிச்சமிருக்கும். எடைக் கணக்கில் சாப்பாடு போடும் இடத்தில் சேருவதற்கு முன்னால், கூட்டம் கலையும் நேரத்தில் ஒரு முறை போய்த் தட்டுகளில் எது மீந்திருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் தினமும் சாப்பிடப்போவது அதைத்தான்.

பிறகு ஒவ்வொன்றாக மாறியது. படிக்கிற பிள்ளைகளை வைத்து வாடகை கட்ட முடியவில்லை போலிருக்கிறது, மாலையில் பிறந்தநாள் கொண்டாட்டத்துக்குக் கீழ்த்தளத்தை விட ஆரம்பித்தார்கள். கேக் வெட்டும் சத்தம் மேலே கேட்கும். ரீல்ஸ் எடுக்க வருகிறவர்கள் அமுதசுரபிப் படத்துக்கு முன்னால் நின்று ஆடுவார்கள். ஏசி பதினொன்று முதல் நான்கு வரைதான் என்றார்கள். கழிப்பறை ஒன்றே ஒன்று, ஆண் பெண் இருவருக்கும் பொது, அதுவும் கொண்டாட்டக்காரர்கள் இருக்கும் கீழ்த்தளத்தில். ஒரு பெண் இரவு ஏழு மணிக்கு அங்கே போக யோசித்தால், அதற்குப் பிறகு அவள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவாள். நான் நிறுத்தினேன். வேலூர் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருந்ததில் நீர்க்கடுப்பு வந்து, மருந்து, டாக்டர் என்று 700 ரூபாயும் ஒரு வாரப் படிப்பும் போயின. பெண்கள் ஒரு இடத்தில் சேருவதற்கு முன் வைஃபை வேகத்தைப் பார்ப்பதைவிடக் கழிப்பறையை மாலை நேரத்தில் போய்ப் பார்ப்பது முக்கியம். இதைக் கேட்கவே கூச்சப்பட்டுக்கொண்டு எத்தனை பேர் இருந்தோம் என்பது பிறகு பேசிக்கொண்டபோதுதான் தெரிந்தது.

சித்தூர் மாவட்டத்துக் குடிபாலாவிலிருந்து வரும் ஒரு தோழி என் பக்கத்து இருக்கை. ஆந்திரத்தில் 16,347 பணியிடங்களுக்கு மெகா டிஎஸ்சி அறிவித்திருந்தார்கள், அதற்குப் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் தமிழ், புத்தகம் தெலுங்கு. அவளுக்குப் பேருந்துதான் பிரச்சினை. தமிழ்நாட்டு நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, நான் காசில்லாமல் வந்துவிடுவேன். அவளோ எல்லை தாண்டுகிற வண்டியில் வர வேண்டும், அதில் இந்தச் சலுகை கிடையாது. இருக்கை வாடகைக்கு மேல் அவளுக்குப் பயணச் செலவு ஒரு தனி வாடகையாக ஆனது. "அக்கா, படிக்கிறதுக்குக் குடுக்கறதவிட வர்றதுக்குக் குடுக்கறது ஜாஸ்தி" என்பாள். எல்லைப் பக்கம் இருப்பவர்கள் இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுவிட வேண்டும். வேலூர் என்றால் பெரிய ஊர், அங்கே எல்லாம் நன்றாக இருக்கும் என்ற நினைப்பில் குடிபாலாவிலிருந்தும் யாதமரியிலிருந்தும் வருகிறவர்களுக்குச் சித்தூரே கிட்ட.

மே மாதக் கடைசி வாரத்தில் ஒரு திங்கட்கிழமை போனால் ஷட்டர் இறங்கியிருந்தது. 'பராமரிப்புப் பணி' என்று ஒரு காகிதம். என் குறிப்பேடுகள் லாக்கருக்குள். அண்ணனின் எண்ணுக்கு அழைத்தால் மணி அடிக்கும், எடுக்க மாட்டார். இரண்டு நாள் கழித்துக் கட்டட உரிமையாளர் வந்து, வாடகை பாக்கி, உள்ளே இருப்பதை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள் என்று ஒரு மணி நேரம் திறந்துவிட்டார். அழுகையா, கோபமா என்று சொல்லத் தெரியவில்லை. குறிப்பேட்டைக் கையில் வாங்கியதும் முதலில் வந்தது நிம்மதிதான், பணம் அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. கணக்குப் போட்டால் இருக்கைக் கட்டணத்தில் மிச்சம் 3,500, வாலட்டில் 1,700, முன்பணம் 1,000. ஆக 6,200. அம்மாவிடம் சொல்லவில்லை. மகளிர் குழுத் தவணை நாளில் அம்மா பணத்தை எண்ணும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று மட்டும் சொல்கிறேன்: கையெழுத்துக் குறிப்புகளை எந்த இடத்து லாக்கரிலும் வைக்காதீர்கள். கனமாக இருந்தாலும் தூக்கிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் அன்றன்றைக்குப் படம் எடுத்து வையுங்கள்.

தேர்வுக்கு இன்னும் ஒன்றரை மாதம். கையில் காசு இல்லை. தோழி சித்தூருக்குக் கூப்பிட்டாள். அங்கே அவளுக்குத் தெரிந்த ஒரு வாசிப்பு அறையில் நாளுக்கு 40 ரூபாய், ஏசி கிடையாது, கூலர் உண்டு. நாள் கணக்கில் காசு வாங்கியது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லி மாளாது. பிடிக்கவில்லை என்றால் நாளை வரப்போவதில்லை, அவ்வளவுதான். சாப்பாட்டுக்கு அவள் அண்ணா கேன்டீனுக்குக் கூட்டிப்போனாள். 2024 ஆகஸ்ட்டில் மறுபடி திறந்த கேன்டீன்கள். காலை, மதியம், இரவு எந்த வேளைக்கும் ஐந்து ரூபாய். சோறு, சாம்பார், ஒரு கறி, தயிர். பெருங்காயம் உண்டு. முதல் நாள் டோக்கன் வரிசையில் நிற்க வெட்கமாக இருந்தது. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டேன். எனக்கு முன்னால் கட்டட வேலைக்காரர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், கையில் பொது அறிவுப் புத்தகத்தோடு இரண்டு பையன்கள். பரிமாறிய அம்மா எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "தமிழா? பரீட்சைக்கா? வயிறு நெறையச் சாப்புடும்மா" என்றார். வெட்கம் அதோடு போனது.

நம் பக்கத்திலும் இதற்குக் குறையில்லை. வேலூர் மாநகராட்சி எல்லைக்குள் அம்மா உணவகங்கள் இருக்கின்றன. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. இதுவும் சைவம்தான். பௌத்த சைவம் என்று 60, 70 கொடுத்ததற்கு இவை ஒன்றும் தாழ்ந்தவை இல்லை. ஒரே தொல்லை, நேரம். மதியம் தாமதமாகப் போனால் சாம்பார் சாதம் தீர்ந்துவிடும். இன்னொன்று, இரண்டு கேன்டீனிலும் சோறுதான் பிரதானம். காயும் பருப்பும் அளவாகத்தான் இருக்கும். சோற்றை மட்டும் நிறையச் சாப்பிட்டால் இரண்டு மணிக்குப் புத்தகத்தின் மேலேயே தலை சாயும். நான் பச்சைப்பயறு சுண்டலோ வேகவைத்த வேர்க்கடலையோ ஒரு டப்பாவில் கொண்டுபோவேன். சோறு பாதி, சுண்டல் பாதி. தோழி வீட்டிலிருந்து ராகிச் சங்கட்டியும் வேர்க்கடலைச் சட்னியும் கொண்டுவருவாள். நாங்கள் களி என்போம். அது நெடுநேரம் பசி தாங்கும், ஆனால் சாப்பிட்டவுடன் கணக்குப் போட முடியாது, நடப்பு நிகழ்வுகள் மாதிரி லேசானதைத்தான் புரட்ட வேண்டும்.

சித்தூருக்குத் தினமும் போய்வர என்னால் முடியவில்லை, பேருந்துக் காசு இடித்தது. காட்பாடியில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு குடியிருப்பில் சின்ன புத்த விகாரை ஒன்று இருப்பதாகவும், அங்கே பிள்ளைகள் படிக்கலாம் என்றும் என் கூடப்பிறந்த அண்ணனின் நண்பர் சொன்னார். பௌத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு வாத்துக்கறிதான் ஞாபகம் வந்தது, போகத் தயங்கினேன். போய்ப் பார்த்தால் ஒரு ஹால், பாய், நீள மேசை, மூன்று ஃபேன். ஒரு சுவரில் புத்தர், எதிர்ச் சுவரில் அம்பேத்கர். கட்டணம் கிடையாது. வாசலில் ஒரு உண்டியல், முடிந்தால் போடலாம். செருப்பை வெளியே விட வேண்டும், பேசக் கூடாது, கிளம்பும்போது தான் உட்கார்ந்த இடத்தைப் பெருக்கிவிட்டுப் போக வேண்டும். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருந்தது, சுத்தமாக இருந்தது. நான் அதைத்தான் முதலில் பார்த்தேன்.

அதைப் பார்த்துக்கொள்கிற தாத்தா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். 2001-ல் சுரங்கத்தை மூடியதும் இங்கே மகள் வீட்டுக்கு வந்துவிட்டார். சாப்பாடும் உண்டா, சைவமா என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டார். பௌர்ணமிக்கு ஒரு வேளை எல்லாருக்கும் சாப்பாடு, அது சைவம். மற்ற நாட்களில் அவரவர் வீட்டில் அவரவர் விருப்பம். "பிக்குங்க பிச்சைப் பாத்திரத்துல விழுந்ததைச் சாப்பிட்டவங்கம்மா. தனக்காகக் கொன்னதுன்னு பாத்தாலோ, கேட்டாலோ, சந்தேகம் வந்தாலோதான் தொட மாட்டாங்க" என்றார். சைவம் மட்டும் என்பது சீனத்தில் ஆறாம் நூற்றாண்டில் லியாங் வம்சத்து வூ பேரரசர் காலத்தில் துறவிகளுக்குக் கட்டாயமானது, இலங்கை, பர்மா வழியில் அப்படிக் கட்டாயம் இல்லை என்றும் சொன்னார். ஆக, பலகையில் பௌத்தம் என்று இருந்தால் சாப்பாடு இப்படித்தான் இருக்கும் என்று முடிவு கட்ட வேண்டாம், கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் வழி. இன்னொரு நாள் தமிழ்ப் பௌத்த முன்னோடி அயோத்திதாசர் பற்றிப் பேச்சு வந்தது. 1898-ல் சாக்கிய பௌத்த சங்கம், 1907-ல் ஒரு பைசாத் தமிழன் இதழ் என்று நான் ஒரு மதிப்பெண் வினாவாக ஒப்பித்தேன். தங்கவயலில் அந்தச் சங்கத்தின் கிளை இருந்ததையும், தன் தாத்தா காலத்தில் வேலை முடிந்து வந்தவர்கள் கூடி உட்கார்ந்து, எழுத்துத் தெரிந்த ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்டதையும் அவர் சொன்னார். 1898, 1907 என்ற அந்த இரண்டு ஆண்டுகளும் அதற்குப் பிறகு எனக்கு மறக்கவே இல்லை.

ஏசி இல்லாமல் ஜூன் வெயிலை எப்படிச் சமாளித்தாய் என்றால், நேரத்தை மாற்றினேன். கஃபேவில் இரவு பதினொன்று வரை உட்காரலாம் என்பதால் கொடுத்த காசுக்கு இரவெல்லாம் படித்து, காலையில் எட்டு மணிக்கு எழுந்துகொண்டிருந்தேன். தேர்வு நடப்பது காலை 9.30 முதல் 12.30 வரை. ஒன்பது மணிக்குள் மையத்தில் இருக்க வேண்டும். விகாரையில் காலை ஆறு மணிக்கே திறப்பார்கள். ஆறிலிருந்து ஒன்பது வரை பாடம், ஒரு ரூபாய் இட்லியில் நாலைந்து, 9.30-க்கு மாதிரித் தேர்வு என்று பழக்கினேன். மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம், எத்தனை இட்லி தாங்கும் என்பதெல்லாம் அப்படித்தான் தெரிந்தது. மதியம் ஒன்று முதல் நான்கு வரை எதையும் உருப்போட முயலவில்லை; தூக்கம், பிறகு பழைய வினாத்தாள் திருத்தம். மாதிரித் தேர்வில் மதிப்பெண் ஏறியது ஏசி அறையில் இருந்த நாட்களில் அல்ல, இந்த நாட்களில்தான். இடத்தைவிட நேரம் பொருந்தியதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

இலவசமாக வேறு என்ன இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பூட்டு விழுந்த பிறகுதான் எனக்கே இவையெல்லாம் தெரிந்தன. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்று ஒன்று நடக்கிறது. டிஎன்பிஎஸ்சி போன்ற தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி, மாதிரித் தேர்வு, புத்தகம் எல்லாம் உண்டு. பயிற்சிக்குப் பெயர் கொடுத்தவர்களைத் தவிர மற்றவர்களையும் நூலகத்தில் உட்கார விடுவார்களா என்று நேரில் கேளுங்கள். பல நகராட்சிகளில் அறிவுசார் மையம் என்ற பெயரில் புதுக் கட்டடங்களில் வாசிப்பு அறை, கணினி, போட்டித் தேர்வுப் புத்தகங்கள் வைத்திருக்கிறார்கள். வேலூரில் இடம் கிடைக்காதவர்கள் தங்களுக்குப் பக்கத்து நகராட்சியில் விசாரிக்கலாம், கூட்டம் குறைவாக இருக்க வாய்ப்பு உண்டு.

இனிப் பணத்துக்கு வருகிறேன். கஃபே அண்ணன் எண்ணை மாற்றிவிட்டார். நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்தேன், புகாரைப் பதிவு செய்தார்கள். அவர்கள் சமரசத்துக்கு முயல்வார்கள், தீர்ப்பு சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. எதிர்த்தரப்பு பதில் தராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். எல்லைப் பக்கத்துக்காரர்களுக்கு இது பெரிய விஷயம்: கடை வேலூரில் இருந்தாலும் குடிபாலாக்காரி சித்தூரிலேயே வழக்குப் போடலாம். எனக்கு இடித்தது எதிர்த்தரப்பின் பெயர். அதற்கு வழி சமையலறைச் சுவரில் இருந்தது. உணவுக் கடை எதுவானாலும் 14 இலக்க உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணை மாட்டி வைத்திருக்க வேண்டும். முதல் வாரத்தில் அமுதசுரபிப் படத்தை எடுத்தபோது ஓரத்தில் அந்தச் சான்றிதழும் விழுந்திருந்தது. அரசின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் பதிவு செய்தவர் பெயரும் முகவரியும் வந்தன. அண்ணன் பெயர் இல்லை, அவர் மாமனார் பெயர். அந்த முகவரிக்குப் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ், வெள்ளைத் தாளில் நானே எழுதியது, அனுப்பினேன். பணம் அனுப்பிய திரைப்பதிவு, ரசீது, பூட்டிய கதவின் படம் மூன்றையும் நகல் எடுத்து இணைத்தேன். பதினைந்து நாளுக்குள் தராவிட்டால் ஆணையத்தில் வழக்கு என்று ஒரே வரி.

மாமனார் மரியாதைக்காரர் போலிருக்கிறது. அண்ணனே கூப்பிட்டார். "சிஸ்டர், நானும் கடன்ல நிக்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்றார். எனக்கு அவர் மேல் இரக்கமும் வந்தது, எரிச்சலும் வந்தது; கடைசி வாரம் வரை புதுப் பிள்ளைகளிடம் மூன்று மாதப் பணம் வாங்கியிருக்கிறார் என்பதை மட்டும் மறக்க முடியவில்லை. 2,000 அனுப்பினார். மீதி 4,200-ஐத் தவணையாகத் தருவதாக எழுத்தில் தரச் சொன்னேன், வாட்ஸ்அப்பில் தந்திருக்கிறார். முதல் தவணை தேதி தாண்டிவிட்டது. இரண்டு ஆண்டுக் கெடு இன்னும் இருப்பதால், என்னோடு அங்கே பணம் கட்டிய ஏழெட்டுப் பேரும் நானும் சேர்ந்து ஒரே புகாராகப் போடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ஒரே மாதிரிப் பாதிப்பு உள்ளவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு அப்படிச் சேர்ந்து போட முடியும். அதற்கு அவரவர் ரசீதும், பணம் அனுப்பிய திரைப்பதிவும் வேண்டும். கைப்பேசியை மாற்றுவதற்கு முன்னால் அவற்றை ஒரு தாளில் அச்செடுத்து வைத்துவிடுங்கள். எங்கள் கூட்டத்தில் இரண்டு பேருக்கு இப்போது அதுதான் இல்லை.